செமினாருக்குப் போறீங்களா? நாலு கட்டம் போட்ட ஒரு தாளோட போங்க!

'மனிதர் மையக் கணினியியல் - ஆய்வுக் கருத்தரங்கு'ன்னு நோட்டீஸ் போர்டுல ஒரு தாள் ஒட்டினா, நம்மில் பலரும் முதலில் விசாரிப்பது மூணு விஷயம்: ஓ.டி. உண்டா? சர்டிஃபிகேட் உண்டா? டீ, பிஸ்கட் உண்டா? மூணும் கிடைக்கட்டும், தப்பே இல்லை. ஆனா நாலாவதா ஒண்ணும் அங்கே கிடைக்கும். நீங்க ராத்திரி பகலா உட்கார்ந்து செய்யும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை வெளியில் ஒரு மனுஷன் தொடுவாரா, இல்லை வைவாவோடு அதுக்கு மூடுவிழாவான்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கிற வழி அது.

இது என்ன மாதிரி செமினார்?

அல்காரிதம் பற்றிய செமினார்ல "எவ்வளவு வேகம்? எவ்வளவு மெமரி?"ன்னு கேட்பாங்க. இங்கே கேள்வியே வேற. பயன்படுத்துபவர் யார்? அவர் என்ன வேலையா வந்தார்? எந்த இடத்தில் மாட்டிக்கிட்டார்? அதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சிஎஸ் 547 என்ற எண்ணில் இப்படி ஒரு செமினார் பல வருஷமா நடக்குது. வாராவாரம் ஒரு ஆய்வாளர் வந்து பேசுவார். அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் டெர்ரி வினோகிராட். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆங்கிலத்தில் கட்டளை சொன்னா திரையில் இருக்கும் கட்டைகளை நகர்த்தும் 'ஷ்ருட்லு' என்ற புரோகிராமை எழுதிப் புகழ்பெற்றவர். செயற்கை நுண்ணறிவில் பெயர் வாங்கியவர், பிறகு மனிதர் - கணினி உறவு பக்கம் திரும்பினார். ஸ்டான்ஃபோர்டு செமினார் பேச்சுகள் பல யூடியூப்ல இலவசமாவே கிடைக்குது. ஹாஸ்டல் வைஃபை ஒத்துழைச்சா போதும்.

சரி, பேச்சைக் கேட்டா மட்டும் போதுமா? கையில் ஒரு கருவி வேணும். அதைத்தான் இங்கே கத்துக்கப் போறோம்.

ஜெராக்ஸ் மெஷின் கற்றுக்கொடுத்த பாடம்

1980-களின் தொடக்கம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியல் ஆய்வாளர் இருந்தார். கம்பெனியின் புது காப்பியரைப் பயன்படுத்துவது கஷ்டமா இருக்குன்னு வாடிக்கையாளர்கள் புகார் சொன்னாங்க. 'பச்சை பட்டனை அழுத்தினா போதும்'ங்கிற மாதிரி விளம்பரம் செய்யப்பட்ட மெஷின் அது!

சச்மன் ஒரு காப்பியரைக் கூடத்துக்குள்ளேயே வைத்து, ஆட்கள் அதோடு மல்லுக்கட்டுவதை வீடியோ எடுத்தார். ஒரு வீடியோவில் இருவர், ஒரு ஆய்வுக் கட்டுரையைத் தாளின் இரண்டு பக்கமும் நகல் எடுக்க முடியாமல் திணறுகிறார்கள். அதில் ஒருவர் ஆலன் நியூவெல். 1975-ல் டூரிங் விருது வாங்கியவர்! இனிமேல் யாராவது "யூசருக்கு விவரம் பத்தல"ன்னு சொன்னா இந்த வீடியோவை நினைச்சுக்கோங்க.

பிறகு, காப்பியருக்கு வழிகாட்ட ஒரு கணினி உதவி அமைப்பை இணைத்து, முதல்முறை பயன்படுத்துபவர்களை இருவர் இருவராக உட்காரவைத்தார். இருவர் ஏன்? ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டே செய்வாங்க. மனசுல ஓடுறது வாய்வழியா வெளியே வரும். அந்தப் பேச்சையும் செயலையும் நாலு பத்தியாகப் பிரித்து எழுதினார்:

1. பயனர் செய்வது, ஆனா மெஷினுக்குத் தெரியாதது (பேச்சு, பார்வை, குழப்பம்)
2. பயனர் செய்வதில் மெஷினுக்குத் தெரிவது (பட்டன் அழுத்தியது, மூடியைத் திறந்தது)
3. மெஷின் செய்வதில் பயனருக்குத் தெரிவது (திரையில் வரும் வரி, சத்தம்)
4. மெஷின் அப்படிச் செய்வதற்கான காரணம் (வடிவமைத்தவர் மனசுல இருந்த கணக்கு)

சிக்கல் எங்கே என்பது உடனே புரியும். மெஷினுக்கு 2 மட்டும்தான் தெரியும். பயனருக்கு 3 மட்டும்தான் தெரியும். 1-ம் 4-ம் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. "ஐயோ, நான் வேற எதையோ செஞ்சிட்டேனே"ன்னு பயனர் புலம்பினாலும், மெஷினைப் பொறுத்தவரை ஒரு பட்டன் அழுத்தப்பட்டது, அவ்வளவுதான். அது அடுத்த படிக்குப் போய்விடும். திரை மாறியதும் "சரியாத்தான் செஞ்சிருக்கோம் போல"ன்னு இவரும் நம்பிவிடுவார். இந்த ஆய்வைச் சச்மன் 1987-ல் புத்தகமாக வெளியிட்டார்.

அதே நாலு கட்டம், உயிர் போன இடத்தில்

காப்பியர்ல தப்பு நடந்தா தாள்தான் வீண். தெராக்-25 புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மெஷின். 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அது அளவு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் இறந்தே போனார்கள்.

1986 மார்ச்சில் டெக்சாஸில் நடந்ததை நம்ம கட்டங்களில் போட்டுப் பாருங்க. எலெக்ட்ரான் சிகிச்சைக்குப் பதில் எக்ஸ்ரேன்னு டைப் ஆகிவிட்டது. ஆபரேட்டர் அனுபவசாலி, கர்சரை மேலே கொண்டுபோய்ச் சட்டென்று திருத்திவிட்டார். காந்தங்கள் சரியான நிலைக்கு வர மெஷின் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 8 விநாடி. அதற்குள் நடந்த திருத்தம் மென்பொருளில் முழுசாகப் பதிவாகவில்லை. இது முதல் கட்டம்: அவர் செய்தது, மெஷினுக்குத் தெரியாதது.

மூன்றாம் கட்டத்தில் அவருக்குத் தெரிந்தது 'மால்ஃபங்ஷன் 54' என்ற ஒரு வரி, கூடவே கதிர்வீச்சு குறைவாகத்தான் போயிருக்கு என்று காட்டிய ஒரு எண். 54 என்றால் என்ன என்று அவரிடம் இருந்த கையேட்டில் விளக்கம் இல்லை. இந்த மாதிரி வரிகள் அடிக்கடி வந்து பழகியதால், தொடர்வதற்கான 'பி' கீயை அழுத்தினார். உள்ளே இருந்த நோயாளிக்கு இரண்டாவது முறையும் கதிர்வீச்சு பாய்ந்தது. இதில் 'ஆபரேட்டர் தவறு' எங்கே இருக்கு? பழைய மாடலில் இருந்த வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பிய முடிவு நாலாவது கட்டத்தில் இருக்கு. அதை எடுத்தவர்கள் நம்மைப் போன்ற இன்ஜினியர்கள்.

எத்தனை பேரிடம் சோதிக்கணும்?

"நூறு பேருக்கு எங்கே போறது?"ன்னு பயப்படாதீங்க. ஜேகப் நீல்சன், தாமஸ் லாண்டவர் இருவரும் 1993-ல் ஒரு கணக்கு கொடுத்தாங்க. அவர்கள் பார்த்த ப்ராஜெக்ட்களில் ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளியே கொண்டுவந்தார். அப்போ ஒரு குறை தப்பிக்க வாய்ப்பு 0.69. ஐந்து பேரிடமும் தப்பிக்க, 0.69-ஐ ஐந்து முறை பெருக்குங்க: சுமார் 0.16. அதாவது ஐந்தே பேரிடம் ஏறக்குறைய 84 சதவீதக் குறைகள் தெரிஞ்சிடும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. அந்த 31 ஒரு சராசரிதான். உங்க ஆப்புக்கு அது குறைவா இருக்கலாம். ஐந்து பேரும் உங்க ரூம்மேட்டா இருந்தா கணக்கே செல்லாது. பேருந்து நேரம் காட்டும் ஆப்புன்னா, ஸ்டாப்பில் நிற்கும் ஒரு பாட்டி அதில் இருந்தே ஆகணும்.

இப்போ உங்க வேலை

செமினார்ல கேள்வி நேரம் வரும்போது இதைக் கேளுங்க: "நீங்க பார்த்தவர்கள் யார், எத்தனை பேர்? அவர்கள் செய்ததில் உங்க சிஸ்டத்துக்குத் தெரியாமல் போனது எது?" நல்ல ஆய்வாளர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார்.

அப்புறம் ஒரு ஏ4 தாளை நாலு பத்தியா மடிங்க. உங்க ப்ராஜெக்ட்டை, அதைப் பார்த்தே இராத ரெண்டு பேர் கையில் கொடுங்க. பத்து நிமிஷம். "அங்கே இல்லண்ணா, இந்தப் பட்டன்"னு வாய் திறக்கவே கூடாது. அதுதான் ரொம்பக் கஷ்டம். நடந்ததை நாலு கட்டத்திலும் எழுதுங்க. முதல் கட்டம் நிரம்பி வழிஞ்சு, இரண்டாவது காலியா இருந்தா, கோடை எங்கே மாத்தணும்னு தெரிஞ்சுபோச்சு.

அந்தத் தாளை ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கட்டுங்க. வைவாவில் "யாரிடம் டெஸ்ட் பண்ணினீங்க?"ன்னு கேட்டா எடுத்துக் காட்டலாம். ஒரு நகலை நமக்கும் அனுப்புங்க, அடுத்த இதழில் சேர்ந்து அலசுவோம்.