வீட்டிலிருந்தே மரப் பராமரிப்பு படிக்கலாம்



போன கூட்டத்தில் கடன் வசூல் பேச்சு முடிந்ததும் ஓர் உறுப்பினர் எழுந்து நின்றார். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர். குழுவில் ரூ.15,000 உள்கடன் வாங்கி உரம் வைத்தார். கிளை கழிக்க ஆளும் விட்டார். வந்தவர் அரிவாளை எடுத்து, கை போன இடமெல்லாம் வெட்டிவிட்டுப் போய்விட்டார். பட்டை நார் நாராகக் கிழிந்து தொங்கியது. அடுத்த சாரலுக்குள் 8 மரம் பட்டுப்போச்சு.

"கடனை எப்படியும் கட்டிருவேன் மேடம். ஆனா எங்க வெட்டணும்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்த ஆளைத் தடுத்திருப்பேன்லா? இதுக்குன்னு படிப்பு இருக்கா? நான் எட்டாப்புதான் படிச்சிருக்கேன்" என்று கேட்டார்.

அந்த அக்காவுக்குச் சொன்ன பதிலைத்தான் எல்லோருக்கும் இங்கே பாடமாக எழுதியிருக்கிறேன்.

1. இதுவும் ஒரு படிப்பா?

ஆமாம், படிப்புதான். நாற்றுப் பை நிரப்புவது, தண்ணீர் ஊற்றுவது, களை எடுப்பது எல்லாம் நம் பெண்கள் கைவேலை. ஆனால் எந்தக் கிளையை எடுக்கணும், எப்போ எடுக்கணும் என்று முடிவு செய்வது மட்டும் வேறு ஆள். முடிவு சொல்பவருக்குக் கூலியும் கூட, மதிப்பும் கூட. அந்த இடத்துக்கு நாம் போக வேண்டுமானால் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1924-ல் தொடங்கிய பன்னாட்டு மர வளர்ப்புச் சங்கம், 1992 முதல் மரப் பராமரிப்பாளருக்கென்று தேர்வு வைத்துச் சான்று தருகிறது. பல நாட்டிலும் வேலைக்குப் போய்க்கொண்டே, ராத்திரி வீட்டில் புத்தகம் படித்து அந்தத் தேர்வை எழுதுகிறார்கள். சும்மா புத்தகம் படித்தால் மட்டும் போதாது. பொதுவாக 3 வருஷம் மர வேலை செய்த அனுபவம் இருந்தால்தான் தேர்வுக்கே உட்கார முடியும். அப்படியானால் கைவேலை அனுபவத்துக்கு அங்கேயும் மதிப்பு உண்டு. அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

2. நமக்கு எட்டுகிற படிப்பு எது?

அந்த வெளிநாட்டுத் தேர்வு நமக்கு முதல் படி அல்ல. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திறந்தவெளி, தொலைதூரக் கல்வி மூலமாகத் தமிழிலேயே சான்றிதழ்ப் படிப்புகள் நடத்துகிறது. நாற்றங்கால், பயிர்ப் பெருக்கம், அலங்காரத் தோட்டம் போன்றவை நம் விஷயத்துக்குப் பக்கத்தில் வருபவை. பாடப் புத்தகத்தை வீட்டில் வைத்துப் படிக்கலாம். இடையிடையே நேர்முக வகுப்புக்கு மட்டும் போய்வர வேண்டும்.

எந்தப் படிப்பு எப்போது தொடங்குகிறது, கட்டணம் எவ்வளவு, வகுப்பு எந்த ஊரில், என்ன படித்திருக்க வேண்டும் என்ற நான்கையும் சேருவதற்கு முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நமக்குப் பக்கத்தில் ஊர்மேலழகியானில் வேளாண்மை அறிவியல் நிலையம் இருக்கிறது. ஒட்டுக் கட்டுவது, கவாத்து செய்வது பற்றி அங்கே போய்க் கேட்கலாம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் தனித்தேர்வராக எழுதி முடித்தால் அடுத்த படிப்புக்கும் வழி திறக்கும்.

ஒரு எச்சரிக்கை. "பணம் கட்டினா போதும், சான்றிதழ் வீட்டுக்கே வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாடம் எது, வகுப்பு எங்கே, தேர்வு எப்போது, கையெழுத்துப் போடுவது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் பணம் இல்லை.

3. முதல் பாடம்: கிளையை எங்கே வெட்டுவது?

அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்தவர். அவர் கண்டது இது. நம் உடம்புக் காயம் ஆறி, புதுத் தோல் வரும். மரத்தின் காயம் அப்படி ஆறாது. கெட்டுப்போன இடத்தைச் சுற்றி மரம் உள்ளுக்குள் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிடும். வெளியே புதுப் பட்டை வளர்ந்து மூடும்.

கிளை தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். வளையல் போட்ட மாதிரி கொஞ்சம் தடித்திருக்கும். அதைக் கிளைக்கழுத்து என்று வைத்துக்கொள்வோம். சுவர் எழுப்பும் வேலை அங்கேதான் நடக்கிறது. கழுத்தோடு சேர்த்து வெட்டினால் மரத்துக்குச் சுவர் எழுப்ப இடமில்லை. முழ நீளம் கட்டை விட்டு வெட்டினால் அந்தக் கட்டை செத்து அழுகும். கழுத்தை ஒட்டி, அதற்கு வெளியே வெட்ட வேண்டும்.

கனமான கிளையை மூன்று தடவையாக ரம்பத்தால் அறுக்க வேண்டும்:

முதல் வெட்டு: தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கமாகக் கால்வாசி ஆழம்.

இரண்டாம் வெட்டு: அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து கீழாக முழுசாக. கிளை விழும்போது பட்டை உரியாது.

மூன்றாம் வெட்டு: மிச்சமுள்ள கட்டையைக் கிளைக்கழுத்துக்கு வெளியே.

காயத்தில் தாரும் சாணியும் அப்ப வேண்டாம். ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து அழுகலுக்குத்தான் உதவும். எலுமிச்சையில் பூசணத்துக்காகப் போர்டோ பசை தடவச் சொல்வது வேறு விஷயம். அதை விவரம் கேட்டுச் செய்யுங்கள்.

வேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உணவெடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், சுமார் 2 அடி ஆழத்துக்குள்தான் பரவியிருக்கும். கிளை விரிந்த எல்லைக்கு வெளியேயும் போகும். மரத்தடியில் சிமெண்ட் போட்டு அடைத்தாலோ, ஒட்டிக் குழி தோண்டினாலோ, பிறகு ஆனி ஆடிக் காற்றில் மரம் சாய்ந்தால் காற்றை மட்டும் குறை சொல்லக் கூடாது.

4. செய்யக் கூடாதவை

புத்தகம் படித்ததால் மரம் ஏறிவிட வேண்டாம். கயிறு கட்டி ஏறுவதை நேரில் பழகியவரிடம்தான் கற்க முடியும். மின்கம்பி பக்கத்தில் கிளை இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், கை வைக்காதீர்கள். ரோட்டோர மரம், புறம்போக்கு மரம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் கேளுங்கள். பனை மரம் வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது.

5. வீட்டில் எப்படிப் படிப்பது?

தினம் அரை மணி நேரம் போதும். படித்ததை யாருக்காவது சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும், அவர்களையே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் உங்கள் மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பூத்தது, காய்த்தது, வெட்டியது, நோய் வந்தது எல்லாம் தேதி போட்டு எழுதுங்கள்.

படிப்பு பாதியில் நிற்பது பெரும்பாலும் பாடம் கஷ்டம் என்பதால் அல்ல. வகுப்புக்குப் போகும் நாளில் கூலி போகும், மாட்டைப் பார்க்க ஆள் இருக்காது. ஆகவே இரண்டு மூன்று பேராகச் சேருங்கள். கட்டணத்துக்குக் கடன் வேண்டுமென்றால் "படிப்புக்காக" என்றே தீர்மான நோட்டில் எழுதிக் கேளுங்கள். உரத்துக்குக் கடன் கொடுக்கும் குழு, அறிவுக்கும் கொடுக்கலாம்.

குற்றாலத்துக் குறும்பலாவுக்கென்றே சம்பந்தர் ஒரு பதிகம் பாடியிருக்கிறார். மரத்தைக் கும்பிட்ட மண் இது. கும்பிடுவதோடு மரத்தைப் படிக்கவும் செய்வோம். அந்த எலுமிச்சை அக்கா, மிச்சமிருக்கும் மரங்களுக்கு நோட்டுப் போட்டுவிட்டார். அடுத்த தடவை ஆள் வரும்போது வெட்ட வேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைக்கப் போகிறாராம்.

குழுவில் கலந்து பேச:

1. உங்கள் ஊரில் தப்பாக வெட்டப்பட்ட மரம் எது? கழுத்து வெட்டா, கட்டை விட்ட வெட்டா?

2. நம் குழுவில் யார் யார் படிக்க விரும்புகிறார்கள்? அவர்களுக்கு எது தடை?

3. வகுப்பு நாளில் அவர் வீட்டு வேலையை யார் பார்த்துக்கொள்வது?

பதில்களை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.