வேலியோரம் நிற்பவர்களுக்கும் கரப்பந்தாட்டம்

மாலையானதும் சனசமூக நிலையத்து வளவில் வலை கட்டப்படுகின்றது. இளைஞர் ஆடுகின்றனர், மற்றையோர் வேலியோரம் நின்று பார்க்கின்றனர். "இனி எங்களுக்கு ஏன் விளையாட்டு?" என்பது நாற்பதைத் தாண்டியோரின் பேச்சு.

ஆனால் கரப்பந்தாட்டம் அத்தகையோருக்காகவே தோன்றியது. 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சி ஆசிரியர் வில்லியம் மோர்கன், கூடைப்பந்தாட்டத்தின் ஓட்டமும் மோதலும் தாங்காத நடுவயதினருக்கென இதனை அமைத்தார். இடையில் வலை இருப்பதால் எதிரணியினர் வந்து மோதுவதில்லை. 1991இல் இது இலங்கையின் தேசிய விளையாட்டாயிற்று.

அடிக்கும் சேர்விஸ் வலையைத் தாண்டவில்லையென்று புதியவர் வெட்கப்படத் தேவையில்லை. ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர் என்பன போட்டிக்குரிய உயரங்கள். பழகும்போது தாழ்த்திக் கட்டலாம். தாழ்ந்து வரும் பந்தை இரு கைகளையும் சேர்த்து, மணிக்கட்டுக்கு மேலே முன்கையில் ஏற்கவேண்டும். விரலை நீட்டினால் சுளுக்கும். நீரிழிவு, இருதய நோயுள்ளோர் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நன்று.

பெண்பிள்ளைகளின் நிலை வேறு. பெரியபிள்ளையானதும் விளையாட்டை நிறுத்திவிடும் வீடுகள் இன்னும் உண்டு. 5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலசைவு வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஆண், பெண் என்ற வேற்றுமை இல்லை. இருட்டிவிடும், ஊர் கதைக்கும் என்ற தாய்மாரின் அச்சம் வெறும் சாட்டல்ல. எனவே கிழமையில் இரு நாள் பின்னேரம் 4 மணிக்கு மைதானத்தைப் பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்கும்படி தாய்மாரே கழகத்தாரிடம் கேட்கட்டும். இளைஞர் ஐந்தரைக்கு வரலாம்.