தோழருக்கு ஈந்த சக்கரம்

ஒசூர், கன்னட நாட்டின் எல்லையை ஒட்டி, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். அங்கிருந்து சூளகிரி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை, சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் கிருஷ்ணகிரியை அடைகின்றது. கிருஷ்ணகிரியோ மிகத் தாழ்ந்த இடத்தில் உள்ளது. ஆதலால் ஒசூரிலிருந்து மிதிவண்டியில் புறப்படுபவருக்குச் சாலையே பாதித் துணை செய்யும். கிருஷ்ணகிரியிலிருந்து மேலேறி வருபவருக்கு அச்சாலையே பகையாகும். ஒசூர்த் தொழிற்பேட்டைக்கு மிதிவண்டியில் செல்லும் தொழிலாளர் இருவர், எதிர்காற்று வீசும் நாளில் ஒருவர் பின் ஒருவராகச் செல்வார்களாயின், பின்வருபவருக்குக் களைப்புக் குறையும். இதனை அறிய நூலறிவு வேண்டுவதில்லை.

விரைந்து செல்லும் மிதிவண்டியைப் பெரிதும் தடுப்பது காற்றே. முன்செல்பவர் காற்றைப் பிளந்து வழி செய்கின்றார். அவரை ஒட்டிப் பின்செல்பவருக்கு உழைப்பில் நான்கிலொரு பங்கும், சில வேளைகளில் அதனினும் மிகுதியும் மிச்சமாகும். தனி மனிதர் போட்டியாகத் தோன்றும் மிதிவண்டிப் பந்தயத்தைக் குழுவின் விளையாட்டாக ஆக்கியது இவ்வொரு உண்மையே.

இத்தகைய பந்தயங்களுள் தலைசிறந்தது பிரெஞ்சு நாட்டைச் சுற்றி நடைபெறும் 'தூர் த பிரான்சு' என்பது. 'லோட்டோ' என்னும் செய்தித்தாள் தன் விற்பனையைப் பெருக்கும் பொருட்டு 1903ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கிற்று. அவ்வாண்டில் 60 வீரர்கள் புறப்பட்டனர். 6 கட்டங்களாக 2,428 கிலோமீட்டர் ஓட்டி, 21 பேரே முடித்தனர். இளமையில் புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்த மொரீசு கரேன் என்பவர் வெற்றி பெற்றார். செய்தித்தாள் 1944இல் மறைந்தது; அதனை விற்பதற்கென்று பிறந்த பந்தயமோ இன்றும் நிலைத்துள்ளது!

ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம் நிகழும். ஒவ்வொரு வீரரும் எடுத்துக்கொண்ட நேரம் நாள்தோறும் கூட்டப்படும். மொத்த நேரம் குறைந்தவரே வென்றவர். அவ்வாறு முன்னிற்பவர் 1919 முதல் மஞ்சள் நிறச் சட்டை அணிகின்றார். அச்செய்தித்தாள் மஞ்சள் தாளில் அச்சிடப்பட்டதே அந்நிறத்திற்குக் காரணம். குழுவில் ஒருவர் தலைவர். ஏனையோர் அவருக்காகக் காற்றை மறைப்பர், நீர் கொணர்வர், வேண்டுமாயின் தம் வண்டியையும் தருவர். பரிசு மேடையில் பெரும்பாலும் அவர்கள் ஏறுவதில்லை.

1934ஆம் ஆண்டுப் பந்தயத்தில் குழுக்கள் நாடுவாரியாக அமைந்திருந்தன. பிரெஞ்சுக் குழுவின் தலைவர், 1931இல் வென்ற அந்தோனன் மாஞ். அவருடைய குழுவில் ரெனே வியட்டோ என்னும் 20 வயது இளைஞர் இருந்தார். மலையேற்றத்தில் அவ்விளைஞருக்கு நிகராவார் அவ்வாண்டு எவருமிலர். ஆல்ப்சு மலைப் பகுதியில் அவர் கண்ட வெற்றிகளால் மக்கள் அவரையே கொண்டாடினர்.

பிரனீசு மலையில் ஓர் இறக்கத்தில் மாஞ் விழ, அவர் வண்டியின் முன்சக்கரம் முறிந்தது. வியட்டோ தம் முன்சக்கரத்தைக் கழற்றித் தலைவருக்கு ஈந்தார். தலைவர் சென்றுவிட்டார். உதவி வண்டி வரும்வரை சாலையோரக் கற்சுவரின்மேல் கண்ணீருடன் அமர்ந்திருந்த வியட்டோவின் நிழற்படம் உலகப் புகழ் பெற்றது. மறுநாளும் இடர் நேர்ந்தது. இம்முறை வியட்டோ முன்னே இறங்கிச் சென்றுகொண்டிருந்தார். தலைவரின் வண்டி பழுதுற்றது என்றறிந்ததும் திரும்பினார். இறங்கிய மலையில் மீண்டும் ஏறிச்சென்று, தம் வண்டியையே கொடுத்தார். பந்தயத்தில் எதிர்த்திசையில் ஏறுவது எத்தகைய வேதனை!

மாஞ் வெற்றி பெற்றார். இரண்டாமவராகிய இத்தாலியர் மர்த்தானோவை விட அவர் ஏறத்தாழ 27 நிமிடம் முந்தியிருந்தார். அவ்வாறாயின் அச்சக்கரம் இல்லாமலும் அவர் வென்றிருக்கலாமே என்று கணக்கிடலாம். வியட்டோவும் இறுதியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிந்தி ஐந்தாமிடமே பெற்றார். ஆதலின் அவர் வெற்றியைத் துறந்தார் என்று கூறுவது மிகையே. ஆயினும் மலைச்சரிவில் நின்ற அப்பொழுதில் இக்கணக்கை அறிந்திருந்தவர் எவர்? தயங்கி நிற்க அவருக்கு நேரமில்லை. மலையேற்றத்திற்குரிய பரிசு அவ்வாண்டு வியட்டோவுக்கே கிடைத்தது.

பின்னர் அவர் தாமே தலைவராக விளங்கினார். 1939இல் பல நாள் மஞ்சட் சட்டை அணிந்தும் இரண்டாமிடமே பெற்றார். போருக்குப்பின், 1947இல், 33ஆம் வயதில் மீண்டும் அச்சட்டையை அணிந்தார். இறுதி நாட்களில் 139 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கட்டம் வந்தது. ஒவ்வொரு வீரரும் தனித்தனியே ஓட்டவேண்டிய கட்டம் அது. காற்றை மறைக்கத் தோழர் எவரும் முன்செல்லலாகாது. அன்று வியட்டோ மஞ்சட் சட்டையை இழந்தார். பாரிசு நகரை அடைந்தபொழுது அவருக்குக் கிடைத்தது, 1934இல் கிடைத்த அதே ஐந்தாமிடம்.