வளவு மாறும்போது மாதுளையை என்ன செய்வது?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளக் கரைக்கே வந்து சேர்ந்தார்கள். தில்லையடி, பாலாவி, ஆலங்குடா, கற்பிட்டி என்று பல இடங்களில் கிடுகுக் கொட்டில் போட்டுக் குடியிருந்தார்கள். 2009இல் போர் முடிந்தபின் சிலர் மன்னாருக்கும் முசலிக்கும் திரும்பினார்கள். சிலர் இங்கேயே காணி வாங்கினார்கள். இரண்டு இடத்திலும் கால் வைத்திருப்பவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் வளவு மாறும்போது இந்தக் கேள்வி வருகிறது. கூரைத் தகட்டைக் கழற்றி லொறியில் ஏற்றலாம். பிள்ளைகள் பழம் பறித்துத் தின்ற மாதுளையை எப்படி ஏற்றுவது?

சுருக்கமான பதில் இது: நான்கு வயதைத் தாண்டிய மரத்தை நிற்க விடுங்கள், அதன் கன்றுகளைக் கொண்டுபோங்கள். ஆனால் அதற்கான வேலையைப் புறப்படும் வாரத்தில் தொடங்க முடியாது. ஆறு மாதமாவது வேண்டும்; ஒரு வருடம் இருந்தால் இன்னும் நல்லது.

மாதுளை திருக்குர்ஆனிலும் விவிலியத்திலும் பெயர் சொல்லப்பட்ட மரம். வறட்சியையும் ஓரளவு உப்பையும் தாங்கும். கற்பிட்டி மணலில் அது நன்றாக வருவதால் விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்யும் வர்க்கங்களில் ஒன்றுக்கே ‘கற்பிட்டி ஹைபிரிட்’ என்று பெயர். அது தென்னையைப் போல ஒற்றைத் தண்டில் நிற்கும் மரமல்ல. அடியிலிருந்து கன்று கன்றாக வெடித்துப் பற்றையாகிவிடும் இயல்புடையது. துருக்கியின் கருங்கடற் கரையில், சொக்கலேற்றில் போடும் ஹேசல் கொட்டையை வளர்க்கும் விவசாயிகளும் இப்படியான மரத்தையே பராமரிக்கிறார்கள். பற்றையில் சில தண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மிஞ்சும் அடிக்கன்றுகளைப் பிடுங்கிப் புதுத் தோட்டம் போடுகிறார்கள். நமக்கும் அதே வழிதான்.

கத்தரித்தல்

கன்று நாட்டிய முதல் வருடத்திலேயே நல்ல தண்டுகள் மூன்று அல்லது நான்கைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றவற்றை அகற்றுங்கள். ஒற்றைத் தண்டாக வளர்த்தால் பார்வைக்கு அழகுதான். ஆனால் தண்டுதுளைப் புழு அந்த ஒன்றில் புகுந்தால் மரமே போய்விடும்.

அடிக்கன்றைக் கத்தியால் நிலமட்டத்தில் வெட்டுவது பலருடைய பழக்கம். வெட்டிய இடத்தில் ஒன்றுக்கு நான்காக முளைத்து வரும். மண்ணை விலக்கி, கன்று தாய்மரத்தோடு பொருந்தும் இடத்தைக் கண்டு, அங்கேயே கிழித்தெடுங்கள்.

காய்கள் முதிர்ந்த கிளைகளில் உள்ள குட்டையான சிறு கிளைகளின் நுனியில் பிடிக்கின்றன. வேலியை வெட்டுவதுபோலச் சுற்றிவர நுனிகளை ஒன்றாக வெட்டினால் அடுத்த காய்ப்பு முழுவதையும் வெட்டியதாகிவிடும். அறுவடை முடிந்தபின் பட்ட கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, நேராக மேலே பாயும் கிளை ஆகியவற்றை மட்டும் எடுத்தால் போதும். ஒரு தண்டு கிழடாகிக் காய்ப்புக் குறைந்தால் நல்ல அடிக்கன்று ஒன்றை வளரவிட்டு, அது நிமிர்ந்ததும் பழைய தண்டை அடியோடு அறுத்துவிடலாம்.

கன்று எடுத்தல்

விதையிலிருந்து வரும் கன்று தாயைப் போலவே காய்க்கும் என்று நம்ப முடியாது. தடியும் அடிக்கன்றும் தாயின் குணத்தை அப்படியே கொண்டுவரும்.

தடி பென்சில் பருமன் இருக்கட்டும். நீளம் எட்டுமுதல் பத்து அங்குலம். பச்சைக் குருத்து வேண்டாம், ஏறத்தாழ ஒரு வருடம் முதிர்ந்த கிளையில் எடுங்கள். அடிப்பக்கத்தைக் கணுவுக்குக் கீழே நேராகவும் நுனியைச் சரிவாகவும் வெட்டுங்கள். அப்போது தலைகீழாக ஊன்றும் பிழை வராது. (சிரிக்க வேண்டாம், இருபது தடியை ஒரே மூச்சில் ஊன்றும்போது எல்லோரும் விடும் பிழை இது.) பொலித்தீன் பையில் மணலும் உக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்பி, தடியில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போகும்படி ஊன்றி, கிடுகு நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வேர் நன்றாகப் பிடித்துவிடும். எல்லாம் தளிர்க்காது. ஐந்து கன்று வேண்டுமானால் பத்துத் தடி ஊன்றுங்கள்.

அடிக்கன்றை எடுப்பதானால் வேருள்ளதைத் தெரிந்து, தாயோடு உள்ள தொடர்பைப் பாதி வெட்டி மண்ணை மூடிவிடுங்கள். சில வாரங்களில் அது தன் வேரில் நிற்கப் பழகும். பிறகு முழுதாக வெட்டிப் பையில் மாற்றுங்கள்.

இன்னொன்று. நீங்கள் இருப்பது வேறொருவருடைய காணியாக இருந்தால் கத்தி எடுக்குமுன் அவரிடம் கேளுங்கள். தாய்மரம் அவருக்கு நிற்கிறது, நீங்கள் கன்றுதான் கேட்கிறீர்கள். பலர் மனமுவந்து தருவார்கள். கேளாமல் மரத்தைத் தோண்டினால், வந்த காலத்தில் இடம் தந்தவரோடு போகிற காலத்தில் மனக்கசப்பாகும்.

மரத்தையே பெயர்ப்பதானால்

மூன்று வயதுக்கு உட்பட்ட மரத்தைப் பெயர்க்கலாம், காலம் பார்த்தால். நான் ஒருமுறை ஆடி மாதத்தில், சோளகக் காற்று வீசிக்கொண்டிருக்கும்போது, நன்றாகக் காய்த்த ஆறு வயது மரமொன்றைத் தோண்டினேன். மணல் பொலபொலவென்று உதிர்ந்து வேர் வெறுமையாகிவிட்டது. பத்து நாளில் மரம் விறகு. குளிர் நாடுகளில் இலை கொட்டி உறங்கும் காலத்தில் வெறும் வேரோடு பெயர்க்கிறார்கள். நம் மாதுளைக்கு அப்படியான உறக்கம் இல்லை.

ஆகவே வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களே ஏற்றவை. இரண்டு மாதம் முன்பே மரத்திலிருந்து ஓரடி தள்ளி, ஒரு பாதிச் சுற்றுக்கு மண்வெட்டியால் வேரை வெட்டி, கான் முழுவதும் கூட்டெரு நிரப்புங்கள். ஒரு மாதம் கழித்து மறு பாதி. உள்ளே புதிய நார்வேர் பிடித்து மண்ணைக் கட்டிவைக்கும். எடுப்பதற்கு முந்தின மாலை நிறையத் தண்ணீர் விட்டு, கிளைகளைப் பாதியாகக் குறைத்து, குழிக்குள் வைத்தே நனைந்த சாக்கால் வேர்க்கட்டியைச் சுற்றிக் கட்டுங்கள். தண்டைப் பிடித்துத் தூக்காதீர்கள், சாக்கைப் பிடித்துத் தூக்குங்கள். திறந்த லொறியில் ஓடும் காற்று வெயிலைவிட மோசம். இலைகளைச் சாக்கால் மூடி, முடிந்தால் இரவில் கொண்டுபோங்கள்.

புது வளவில்

இரண்டடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி. மணலானால் அடியில் தேங்காய்ப் பொச்சுகளை உட்பக்கம் மேலே பார்க்கும்படி இரண்டு வரிசை அடுக்குங்கள். அவை தண்ணீரைப் பிடித்துவைக்கும். களிப்பிடிப்பான மண்ணில் பொச்சு வேண்டாம். அங்கே தண்ணீர் தேங்கி வேர் அழுகும், மண்ணைச் சற்று மேடாக்கி நாட்டுங்கள். மரத்துக்கு மரம் பத்து அல்லது பன்னிரண்டு அடி விடுங்கள். முன்பு எந்த மட்டத்துக்கு மண்ணுக்குள் இருந்ததோ அதே மட்டத்துக்கு மூடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். வளர்ந்த மாதுளை சற்று உவரைத் தாங்கும், புதிதாய் நாட்டியது தாங்காது. முதல் மாதத்துக்காவது நல்ல தண்ணீர் தேடி ஊற்றுங்கள். மணலில் ஒரே தடவையில் நான்கு வாளி ஊற்றுவதைவிட காலையும் மாலையும் அரை வாளி நல்லது. தளிர் வரும்வரை யூரியா போட வேண்டாம். புது வேருக்கு அது கேடு. மணலில் போட்ட உப்புப் பசளை மழையோடு இறங்கிக் கிணற்றுக்கே போகும். கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே காட்டி வருகிறார்கள். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.

முதல் வருடம் பூத்தால் பூவைக் கிள்ளிவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் வருடத்தில் காய்க்கத் தொடங்கும். அப்போது பூக்கள் நிறையக் கொட்டுவதைக் கண்டு பதற வேண்டாம். அடி ஒடுங்கி மணிபோல இருப்பவை இயல்பாகவே கொட்டும், அடி பருத்துக் குடம்போல இருப்பவையே காயாகும். எலுமிச்சை அளவு வந்ததும் பழைய துணியாலோ கடதாசிப் பையாலோ கட்டிவிட்டால் பழம் துளைக்கும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடாது. காய் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் காயவிட்டுத் திடீரென்று தண்ணீர் காட்டுவது. மாரி தொடங்குமுன் பத்துப் பதினைந்து நாளுக்கு நீர் தவறாமல் பார்த்துக்கொண்டால் முதல் மழைக்கு வெடிப்பது குறையும்.