பின் முறிந்தால் முதலில் உறையைப் பாருங்கள்

கேள்வி: டெக்சஸில் ஆஸ்டின் பக்கம் வசிக்கிறேன். .308 ரைஃபிளில் இலக்குச் சுடுதல் பழகுகிறேன். சுடுகளத்தில் மற்றவர்கள் விட்டுப்போன காலி உறைகளையும் பொறுக்கி வந்து, வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்கிறேன். பழைய பிரைமரைக் குத்தித் தள்ளும் பின் அடிக்கடி முறிகிறது. உடைந்த டிரில் பிட்டின் தண்டை வெட்டி உறுதியான பின் செய்து போடலாமா?

பதில்: வேண்டாம். டிரில் பிட்டுக்கான உருக்கு மிகக் கடினமானது, அதனாலேயே நொறுங்கும் தன்மையும் உடையது. நேராக அழுத்தினால் தாங்கும். பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளினாலே படக்கென்று ஒடியும். பின்னுக்கு வேண்டியது கடினத்தைவிட வளைந்து மீளும் குணம். கையால்தான் செய்வேன் என்றால் பியானோ கம்பி என்று கடைகளில் கிடைக்கும் ஸ்பிரிங் உருக்குக் கம்பி பொருத்தமானது. அவசரத்துக்குச் சிறு ஆணியை வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. அது முறியாது, வளையும். வளைந்ததைக் கவனிக்காமல் அடுத்த உறையில் இறக்கினால் துளையின் விளிம்பு கிழியும்.

ஆனால் உங்கள் சிக்கலின் வேர் பின்னில் இல்லை என்றே நினைக்கிறேன். அந்தச் சின்னக் கம்பி ஃபியூஸ் கம்பி மாதிரி. எங்கோ தவறு நடக்கும்போது விலை குறைந்த பொருள் முதலில் போகட்டும் என்றுதான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். அதை உறுதியாக்கிவிட்டால் அடுத்து வளைவது அதைப் பிடித்திருக்கும் நடுத்தண்டு. அதுவும் தாங்கினால் உறையின் அடிப்பாகம் பாழாகும்.

பொறுக்கிய உறைகள் என்கிறீர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம். பிரைமரில் இரண்டு வம்சம் உண்டு, இரண்டும் 1860-களில் பிறந்தவை. இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸர் வடிவமைத்ததில் உறையின் அடியில் நட்டநடுவே ஒரே தீத்துளை. அமெரிக்காவின் ஹைரம் பெர்டான் வடிவமைத்ததில் நடுவில் உறையோடு சேர்ந்த சிறு மேடு இருக்கும், தீத்துளைகள் அதன் இருபுறமும் இரண்டு. இன்று அமெரிக்கக் கடைகளில் விற்கும் தோட்டாக்களில் பெரும்பாலானவை ஆங்கிலேயர் முறை. அமெரிக்கர் முறையோ ஐரோப்பிய ராணுவ உபரியிலும் ரஷ்ய இரும்பு உறைகளிலும் நிறைய வரும். பெர்டான் உறைக்குள் உங்கள் பின் இறங்கினால் துளை இருக்க வேண்டிய இடத்தில் கெட்டி உலோகத்தில் முட்டும். பின் தோற்கும்.

ஆகவே பிரஸ்ஸில் ஏற்றுமுன் ஒவ்வொரு உறையையும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நடுவில் ஒரு துளை என்றால் சரி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு என்றால் தனியே போடுங்கள். மூட்டையில் ஒரு காந்தத்தைத் துழாவினால் இரும்பு உறைகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பாதி வேலை அதிலேயே முடியும். பார்க்கும்போதே உள்ளே கூழாங்கல், மண்கட்டி, மெருகேற்றும்போது சிக்கிய துகள் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். தண்ணீரில் ஸ்டீல் ஊசிகள் போட்டு உருட்டுகிறவர்களுக்கு இது முக்கியம். அந்த ஊசிகள் 1 மி.மீ. பருமன்தான், இரண்டு சேர்ந்தால் தீத்துளையில் அடைத்து நிற்கும்.

இரண்டாவது காரணம் ஆழம். டையின் வாய்க்குக் கீழே பின்னின் முனை சுமார் 5 மி.மீ. நீட்டியிருந்தால் போதும். பிரைமர் விழுந்துவிடும். அதற்குமேல் இறக்கி வைத்தால் பின்னைப் பிடித்திருக்கும் தண்டின் தடித்த பகுதியே உறையின் அடித்தளத்தில் இடிக்கும். பலர் உறையைக் குறை சொல்வார்கள். அளந்து பார்த்தால் தண்டு ஒரு சுற்று அதிகமாக இறங்கியிருக்கும். தண்டைக் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். அது வளைந்திருந்தால் எந்தப் பின்னும் நிலைக்காது.

ராணுவ உறைகளில் பிரைமர் நகராதபடி சுற்றி நசுக்கிப் பூட்டியிருப்பார்கள். அதைத் தள்ள அதிக விசை வேண்டும். அதற்கு, பிரைமர் தள்ளுவதற்கென்றே தனி டை வைத்துக்கொள்வது நல்லது. லீ நிறுவனத்தின் யுனிவர்சல் டையில் தண்டும் பின்னும் ஒரே துண்டு. மேலே ஒரு பிடிப்பான் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். கடக்க முடியாத தடையில் முட்டினால் தண்டு முறியாமல் மேலே நழுவும். திரும்பக் கீழே தள்ளி இறுக்கினால் வேலை தொடரும். நழுவுகிறதே என்று பைப்பை மாட்டி முறுக்கிப் பூட்டாதீர்கள், அந்த நழுவல்தான் அதன் பாதுகாப்பு. இந்த டை உறையின் சுவரைத் தொடாது என்பதால் எண்ணெய் தடவ வேண்டாம், கழுவுமுன்பே பிரைமரை நீக்கிவிடலாம்.

கேள்வி: அரிசோனாவில் இருக்கிறேன். 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கு லபுவா உறைகள் வாங்கினேன். பின் துளைக்குள் போய் இறுகிக்கொண்டு, தண்டிலிருந்தே கழன்றுவிட்டது. துளையை டிரில் போட்டுச் சற்றே பெரிதாக்கினால் தீர்ந்துவிடும்தானே?

பதில்: தயவுசெய்து டிரில்லை எடுக்காதீர்கள். வழக்கமான பாக்ஸர் தீத்துளை 2 மி.மீ., அதாவது 0.080 அங்குலம். லபுவா அந்த உறையைச் சிறிய ரைஃபிள் பிரைமருக்காகச் செய்து, துளையை 1.5 மி.மீ.யாக வைத்திருக்கிறது. தீ எவ்வளவு, எப்படி உள்ளே பாய வேண்டும் என்பதை யோசித்து வைத்த அளவு அது. கையால் துளைத்தால் ஒவ்வொரு உறையும் ஒவ்வொரு விதமாகும். சீரான பற்றவைப்புக்காக அதிக விலை கொடுத்து வாங்கிய பொருளை நாமே கெடுத்ததாகும்.

மாற்ற வேண்டியது பின்னை. சாதாரணப் பின்கள் ஏறத்தாழ 1.7 முதல் 1.8 மி.மீ. இந்த உறைகளுக்கென்றே 0.057 அங்குலப் பின் விற்கிறார்கள், சுமார் 1.45 மி.மீ. உங்கள் டைக்கு அது கிடைத்தால் வாங்கிப் போடுவதே என் முதல் யோசனை.

கிடைக்காதபோது இருக்கும் பின்னைத் தேய்க்கலாம். தலையுள்ள பக்கத்தை டிரில்லின் வாயில் பிடித்து மெதுவாகச் சுழலவிடுங்கள். 400 நம்பர் எமரித் தாளை விரலால் லேசாக அணைத்துத் தேய்த்து, பிறகு 1000-க்குப் போங்கள். அடிக்கடி தண்ணீரில் தோயுங்கள். உலோகம் நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது, அந்தப் பின்னை எறிந்துவிடுங்கள். மைக்ரோமீட்டர் 1.45 காட்டும்போது நிறுத்துங்கள். உறையின் அடித்தளத்தைக் கடந்து பிரைமரை வெளியே தள்ளும் நீளத்துக்கு மட்டும் தேய்த்தால் போதும். ஒன்றை மறக்க வேண்டாம்: மெல்லிய பகுதி தடித்த பகுதியோடு சேரும் இடத்தில் கூரான படி விடாதீர்கள். சரிவாக இழையவிடுங்கள், இல்லையென்றால் அங்கேதான் முறியும். இந்த மெல்லிய பின்னை ராணுவ உறைகளுக்குப் பயன்படுத்தாமல் தனியே எடுத்து வையுங்கள்.

கேள்வி: பிரைமர் வெளியே வருகிறது, ஆனால் பின்னின் முனையில் ஒட்டிக்கொண்டு மறுபடியும் குழிக்குள் ஏறிவிடுகிறது. ஏன்?

பதில்: முனையைப் பெருக்காடியில் பாருங்கள். ஓரம் பிசிறு தட்டியிருக்கும், அது பிரைமரின் உட்புறத்தைக் கவ்வுகிறது. மெல்லிய அரத்தால் பிசிறை எடுத்து, ஓரத்தைச் சற்றே சாய்த்து மெருகேற்றுங்கள். ஊசிபோலக் கூராக்கினால் பிரைமரைத் தள்ளாமல் துளைத்துக்கொண்டு போகும், அது இதைவிடத் தொல்லை. டில்லன் நிறுவனத்தின் பிஸ்டல் டைகளில் ஸ்பிரிங் பொருத்திய பின் பிரைமரைச் சொடுக்கி உதறிவிடும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் பல வேலை நடக்கும் பிரஸ்ஸில் அது பெரிய உதவி.

கேள்வி: திருநெல்வேலியில் இருக்கிறேன், துப்பாக்கி உரிமம் உண்டு. இங்கேயும் வீட்டில் தோட்டா நிரப்பிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். உங்களிடம் இருப்பது வைத்துக்கொள்ளும் உரிமம் மட்டுமே. மீறினால் சிறை. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பனைக்கு என்றால் அங்கேயும் வேண்டும்.

கேள்வி: வெடிக்காத பிரைமரையும் இதே பின்னால் தள்ளி எடுத்து மீண்டும் பயன்படுத்தலாமா?

பதில்: நான் செய்யச் சொல்ல மாட்டேன். பிரைமர் இடிக்கு வெடிப்பதற்கென்றே செய்தது. பின் இறங்கும் திசையும் அதன் மருந்தின் மேல்தான். அப்படிப்பட்ட உறையை ஒதுக்கிவைத்து, வெறும் உறையாகவே, மருந்தும் குண்டும் இல்லாமல், சுடுகளத்தில் துப்பாக்கியில் இட்டுச் சுட்டுவிடுங்கள். பிறகு தள்ளுவதில் ஆபத்தில்லை. வெடித்த பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது. விழுகிறவற்றை மூடியுள்ள டப்பாவில் சேருங்கள், வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், அந்த மேசையில் குழந்தைகளைச் சாப்பிட உட்காரவைக்காதீர்கள்.