டீசல் வண்டிக்கு லிப்ட் பம்ப் — ஓர் அனுபவப் பாடம்

(மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கவிதைதான் எழுத நினைத்தேன். வரவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை, அதுவும் தப்பாகச் செய்து தெரிந்துகொண்டதை, எழுதுகிறேன். தேர்விலும் இது இரண்டு மதிப்பெண் கேள்வியாக வரும்: "ஃபீட் பம்பின் வேலை என்ன?"

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். அப்பா பிக்கப் வண்டி ஓட்டுகிறார். பழைய டீசல் வண்டி, பைனான்ஸ் போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எங்கள் ஊர்த் தக்காளியையும் முருங்கைக்காயையும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவார். வண்டி நின்றால் வீட்டில் உலை ஏறாது என்று சொல்ல மாட்டேன், ஏறும். ஆனால் மாதத் தவணை கட்ட முடியாது.

போன மே மாத விடுமுறையில் வண்டி ஒரு விசித்திரமான நோயில் இருந்தது. காலையில் செல்ஃப் அடித்தால் சுற்றும், பிடிக்காது. பானெட்டைத் திறந்து ஹேண்ட் பிரைமரை முப்பது, நாற்பது தடவை குத்தினால் புகை கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆகும். அப்புறம் நாள் முழுக்க ஓடும். மேட்டில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். மறுநாள் காலையில் பழைய கதைதான். ஒரு பம்ப் கடையில் காட்டினார்கள். "இன்ஜெக்ஷன் பம்ப் போச்சு, இறக்கி வேலை பார்க்கணும், 18,000 ஆகும்" என்று பதில் வந்தது.

கதையை நிறுத்திவிட்டு இங்கே கொஞ்சம் பாடம்.

டீசல் எஞ்சினில் எரிபொருள் பாதை இரண்டு பகுதி. டேங்க், பைப், ஃபீட் பம்ப், பில்டர் வரை லோ பிரஷர். இன்ஜெக்ஷன் பம்பிலிருந்து நாசில் வரை ஹை பிரஷர். பாஷ் கம்பெனி 1927இல் இன்ஜெக்ஷன் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 1951இல் தொடங்கிய மைகோ கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயர் மாறிய பிறகும், எங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்கு அது மைகோ பம்ப்தான். எங்கள் வண்டியில் இருப்பது இன்லைன் வகை. அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன பிளஞ்சர் பம்ப்தான் ஃபீட் பம்ப். லிப்ட் பம்ப் என்றாலும் அதே வேலைதான். டேங்கிலிருந்து டீசலை இழுத்து, சுமார் ஒரு பார் அழுத்தத்தில் பில்டர் வழியாக இன்ஜெக்ஷன் பம்புக்குத் தள்ளும்.

இதில் காற்று புகுந்தால் என்ன ஆகும்? டீசல் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். நாசில் திறக்க ஏறத்தாழ 200 பார் வேண்டும். இன்ஜெக்ஷன் பம்ப் பிளஞ்சர் ஒரு தடவைக்குத் தள்ளும் டீசல் சில பத்து கன மில்லிமீட்டர்தான். அதில் கடுகுகள் போல நாலு குமிழி இருந்தால் பிளஞ்சர் டீசலைத் தள்ளாமல் குமிழியைப் பிதுக்கிக்கொண்டே இருக்கும். நாசில் திறக்காது. இதைத்தான் "ஏர் பிடிச்சுக்கிச்சு" என்கிறோம்.

இப்போது என் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன். பம்ப் கடைக்காரர் சொன்னதை நான் நம்பவில்லை. ஒரு கேனில் டீசல் ஊற்றி, எஞ்சினுக்கு மேலே உயரமாகக் கட்டி, ஹோஸை நேராக பில்டரின் இன்லெட்டில் மாட்டினேன். ஏர் எடுத்துவிட்டு செல்ஃப் அடித்தேன். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது! மேலிருந்து தானாக இறங்கும் டீசலில் எஞ்சின் நன்றாக ஓடுகிறதென்றால் இன்ஜெக்ஷன் பம்பில் குற்றம் இல்லை. அப்பாவுக்கு 18,000 ரூபாய் மிச்சம். அம்மா அன்றைக்குக் கறி எடுத்தாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அப்படியானால் ஃபீட் பம்ப்தான் போச்சு" என்று அடுத்த தீர்ப்பையும் நானே சொன்னேன்.

அதற்குக் காரணம் நான் படித்திருந்த ஓர் அமெரிக்கச் செய்தி. டாட்ஜ் ராம் என்ற பெரிய பிக்கப்பில் 1998 நடுவிலிருந்து 2002 வரை கம்மின்ஸ் 5.9 லிட்டர், 24 வால்வு எஞ்சினுடன் விபி44 என்ற பாஷ் ரோட்டரி பம்ப் வந்தது. அந்தப் பம்ப் சூடு தணிவதும், தேயாமல் இருப்பதும் அதன் வழியாக ஓடும் டீசலால்தான். டீசலை அனுப்பும் லிப்ட் பம்போ எலெக்ட்ரிக். டேங்கிலிருந்து தூரமாக, எஞ்சின் பிளாக்கிலேயே மாட்டப்பட்டிருந்தது. அது பலம் குன்றினாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், விலை உயர்ந்த விபி44 மட்டும் டீசல் போதாமல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். அதனால் அங்கே பலர் வெளிக் கம்பெனி லிப்ட் பம்பை வாங்கி டேங்கை ஒட்டி சேஸிஸில் மாட்டி, டிரைவர் கண்முன்னே ஒரு பிரஷர் கேஜும் வைத்துக்கொண்டார்கள். படித்ததும் எனக்கு எங்கள் பிக்கப் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டும் பிக்கப், இரண்டும் டீசல், போதாதா?

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன், "தம்பி, முதல்ல லைனைப் பாரு" என்றார். பார்த்தேன். எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. "லைன் சுத்தமா இருக்குண்ணே" என்றேன். அம்மா சுயஉதவிக் குழுவில் எடுத்துக் கொடுத்த பணத்தில், பம்ப், ரிலே, ஹோஸ், கிளிப் எல்லாம் சேர்த்து 4,100 ரூபாய் ஆனது.

மாட்டிய முறையில் தப்பில்லை. அதையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் பேட்டரி எர்த்தைக் கழற்றினோம். பம்ப் டேங்குக்குப் பக்கத்தில், டேங்க் அடிமட்டத்துக்குச் சமமாக, சேஸிஸின் உள்பக்கம், சைலன்சருக்கு எதிர்ப்புறம். எந்தப் பம்புக்கும் இழுப்பதைவிடத் தள்ளுவது சுலபம். பம்புக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்ட்ரெய்னர். பம்ப் மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும் (சிரிக்காதீர்கள், முதல் தடவை நான் திருப்பித்தான் பிடித்தேன்). ரப்பர் புஷ் வைக்காவிட்டால் கேபினுக்குள் வண்டு கத்துவது போலச் சத்தம் வரும். கரண்டு, பியூஸ் வழியாக ரிலேவுக்கு. அந்த ரிலேவை ஆயில் பிரஷர் சுவிட்சோடு சேர்த்தோம். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்தில் பைப் அறுந்தாலும் பம்ப் ரோட்டில் டீசல் இறைத்துக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஏர் எடுக்க மட்டும் தனியாக ஒரு பட்டன்.

கடையில் "டீசல் பம்ப்தானே, இதை எடுத்துக்கோ" என்று பெட்ரோல் இன்ஜெக்ஷன் காரின் பம்பை நீட்டினார்கள். அது 3 பார் வரை தள்ளும். நமக்கு அவ்வளவு அழுத்தம் வேண்டாம். பழைய ஃபீட் பம்பின் ஸ்பிண்டில் தேய்ந்திருந்தால் டீசல் அதன் வழியாக எஞ்சின் ஆயிலில் கலக்கும். எனவே மாட்டிய பிறகு ஒரு வாரம் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். இன்னொன்று, இதெல்லாம் பழைய பம்ப் வண்டிக்கு. காமன் ரெயில் வண்டியில் ஹை பிரஷர் பைப் நட்டை லூஸ் செய்து ஏர் எடுக்கவே கூடாது. அங்கே 1,000 பாருக்கு மேல் இருக்கும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

மறுநாள் காலையில் வண்டி செல்ஃபில் கை வைத்ததும் பிடித்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டீக்கடையில் "பையன் மாட்டினான்" என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். நான் நாலு அங்குலம் வளர்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் தக்காளி லோடோடு போகும் வழியிலிருந்து அப்பா போன் செய்தார். "டேய், டீசல் வாடை அடிக்குது. கீழே சொட்டுது."

எனக்குக் கை கால் ஓடவில்லை. "வண்டியை ஓரம் கட்டிட்டு எஞ்சினை நிறுத்துங்கப்பா. எங்கேர்ந்து சொட்டுது?" எஞ்சின் பக்கம், சேஸிஸ் இரும்புப் பைப் முடிந்து ரப்பர் ஹோஸ் தொடங்கும் இடம். அங்கிருந்து எக்ஸாஸ்ட் பைப் ஒரு சாண் தூரம்கூட இல்லை. கொதிக்கும் இரும்பில் டீசல் பட்டால் என்ன ஆகும் என்று நமக்கு லேபில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பம்பின் பியூஸைப் பிடுங்கச் சொன்னேன். வடிந்ததைத் துணியால் துடைத்து, சூடு ஆறவிட்டு, ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னேன். பழைய ஃபீட் பம்ப் மட்டும்தான் இப்போது. ஸ்டார்ட் ஆயிற்று, சொட்டவில்லை. இருந்தாலும் பயந்துகொண்டே இருந்தேன். அப்பா மெதுவாக மீதி 14 கிலோமீட்டரையும் முழு லோடோடு ஓட்டி மார்க்கெட் சேர்ந்தார். ராத்திரி வந்து, "அந்தப் பம்ப் இல்லாமலே போச்சேடா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கல்லூரி திறந்ததும் எங்கள் துறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "கேனை எங்கே மாட்டினாய்?"

பில்டரில் மாட்டினேன். அதாவது ஃபீட் பம்பை மட்டுமா விலக்கினேன்? டேங்க், பைப், ஹோஸ் எல்லாவற்றையும் சேர்த்து விலக்கிவிட்டேன். கேனை ஃபீட் பம்பின் இன்லெட்டில் ஒரு தடவை மாட்டிப் பார்த்திருந்தால் அப்போதும் வண்டி ஓடியிருக்கும். குற்றம் அதற்கும் முன்னால், இழுக்கும் லைனில் இருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

அப்படியானால் முன்பு ஏன் ஒழுகவில்லை? ஃபீட் பம்ப் இழுக்கும்போது அந்த ஹோஸுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. வெடிப்பு வழியாக டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி வண்டி நின்றதும் அதே வெடிப்பு காற்றை உள்ளே விட, லைனில் இருந்த டீசல் கீழே டேங்குக்கு இறங்கிவிடும். அதனால்தான் காலையில் முப்பது குத்து. டேங்க் பக்கத்தில் நான் பம்ப் மாட்டியதும் அதே ஹோஸ் இழுக்கும் லைனிலிருந்து தள்ளும் லைனாக மாறியது. உள்ளே போன காற்றுக்குப் பதில் வெளியே டீசல். நான் வைத்தியம் பார்க்கவில்லை, நோயின் திசையைத் திருப்பிவிட்டேன்.

டேங்க் தாழ்வாக இருப்பதால் ஃபீட் பம்புக்கு இழுக்கச் சிரமமோ என்றும் ஒரு சந்தேகம் இருந்தது. கணக்குப் போட்டேன். டீசலின் ஒப்படர்த்தி 0.83. அரை மீட்டர் உயரத்துக்கு அழுத்தம் வெறும் 0.04 பார். அதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

புது ஹோஸ், இரண்டு கிளிப், 90 ரூபாய். ஃபீட் பம்புக்கும் பில்டருக்கும் நடுவில் கேஜ் வைத்து, எலெக்ட்ரிக் பம்ப் இல்லாமல் பார்த்தேன். 1.1 பார். மெக்கானிக் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "லைனைப் பாருன்னு சொன்னேன்ல" என்றார், டீ வாங்கிக் கொடுத்தார்.

எலெக்ட்ரிக் பம்ப் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. ரிலேவைக் கழற்றிவிட்டு பட்டனை மட்டும் வைத்திருக்கிறோம். பில்டர் மாற்றும்போது ஏர் எடுக்க வசதியாக இருக்கிறது. அம்மாவின் குழுக் கடன் இன்னும் நாலு தவணை பாக்கி. பழைய ஹோஸ் துண்டு நம் ஆட்டோமொபைல் லேபில், ஜன்னல் ஓர மேஜையில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது, கிளிப் தடம் இருக்கும் இடத்தில் வளைத்துப் பார்க்க வேண்டும்.