கீழ்க்காய்நெல்லியும் செங்கண்மாரியும்: மூலிகையைச் சோதிப்பது எப்படி?

மாரி மழை ஓய்ந்ததும் எமது ஊர் வளவுகளிலும் கிணற்றடியிலும் தானாக முளைக்கும் சிறு செடி கீழ்க்காய்நெல்லி. இலையின் கீழ்ப்புறத்தில் வரிசையாகக் காய்கள் இருப்பதால் இப்பெயர் பெற்றது. செங்கண்மாரிக்குச் சித்த வைத்தியத்தில் இது பேர்போன மருந்து. இதை அரைத்து மோரில் கலந்து கொடுத்த அம்மம்மாமாரை எம்மில் பலர் அறிவோம்.

இந்நாட்டில் இரத்தப் பரிசோதனை செய்யும்போது எம்மவர் சிலருக்கு 'ஹெப்பரைற்றிஸ் பி' வைரஸ் இருப்பது தெரியவருகிறது. உடனே, "ஊரிலிருந்து கீழ்க்காய்நெல்லித் தூள் எடுப்பிப்போமா?" என்ற கேள்வி எழுகிறது. நியாயமான கேள்விதான். இந்த மூலிகையை விஞ்ஞானிகள் உண்மையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நல்லது.

செங்கண்மாரி ஒரே நோய் அன்று

கண் மஞ்சளாவது ஓர் அறிகுறி மட்டுமே. பித்தக்கல், மது, சில மருந்துகள், பலவகை வைரஸ்கள் ஆகிய எதனாலும் அது வரலாம். அசுத்தமான உணவாலும் நீராலும் பரவும் 'ஹெப்பரைற்றிஸ் ஏ' பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே மாறிவிடும். 'பி' வகையும் வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் ஆறு மாதத்துக்குள் உடலே அதை வென்றுவிடுகிறது. ஆனால் பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் அது நிலைத்துவிடும். பல்லாண்டுகள் சத்தமின்றி ஈரலில் இருந்து, பின் ஈரல் சுருக்கத்தையும் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடும்.

அம்மம்மா கொடுத்த மருந்தை உண்டவருக்குச் செங்கண்மாரி மாறியது உண்மை. அது மருந்தால் மாறியதா, நாட்கள் சென்றதால் மாறியதா? மருந்து உண்ணாத இன்னொரு கூட்டத்தாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். விஞ்ஞானச் சோதனையின் அடிப்படை இதுவே.

சென்னையில் நடந்த சோதனை

ஹெப்பரைற்றிஸ் பி வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்றவர் பாருக் புளூம்பேர்க். இவரும் வெங்கடேஸ்வரன் முதலானோரும் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கீழ்க்காய்நெல்லி இனச் செடியின் சாற்றை ஆராய்ந்து, 1987இல் முடிவை வெளியிட்டார்கள். வைரஸ் பெருகுவதற்கு வேண்டிய நொதியத்தை அச்சாறு சோதனைக் குழாயில் தடுத்தது. இவ்வைரசுக்கு நெருங்கிய உறவான வைரஸ் தொற்றிய 'வூட்சக்' என்னும் வட அமெரிக்கப் பிராணிகளிலும் பலன் தெரிந்தது.

அடுத்து மனிதரில் சோதனை. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், வைரஸ் நிலைத்துவிட்டவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கீழ்க்காய்நெல்லித் தூளை 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 30 நாட்கள் கொடுத்தார்கள். மறு பகுதியினருக்கு மருந்தில்லாத வெறுந்தூள். முடிவு 1988இல் 'லான்செற்' மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெறுந்தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த செய்தி இது.

மறு கணக்காய்வு

கணக்காய்வைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இவ்விடத்தில் ஒரு பழக்கம் உண்டு. கூட்டுத்தொகையைப் பார்க்குமுன், எல்லாப் பற்றுச்சீட்டுகளும் இருக்கின்றனவா என்று பார்ப்போம். சோதனையில் சேர்ந்தவர்கள் 78 பேர். முடிவில் எண்ணப்பட்டவர்கள் 60 பேர். விடுபட்ட 18 பேரில் பெரும்பாலோர் வெறுந்தூள் உண்ட பகுதியினர். இதில் குற்றம் ஏதுமில்லை. நோயாளர் திரும்பி வராமற் போவது எங்கும் நடப்பதே. இது முதற்கட்டச் சோதனை என்றும், மேலும் ஆராய வேண்டும் என்றும் அக்குழுவினரே எழுதினார்கள்.

எந்தக் கணக்கையும் எழுதியவரே தணிக்கை செய்தல் போதாது. வேறொருவர் பார்க்க வேண்டும். அவ்வாறே பிறரும் பார்த்தார்கள். 1990இல் தாய்லாந்து வைத்தியர்களும் 1994இல் நியூசிலாந்து வைத்தியர்களும் தாம் மருந்து கொடுத்தவர்களில் வைரஸ் அகலவில்லை என்று அறிவித்தார்கள். 2011இல் 'கொக்றேன்' அமைப்பின் ஆய்வாளர்கள் 1,326 நோயாளரைக் கொண்ட 16 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் மூலிகையை வெறும் மருந்துடன் ஒப்பிட்டிருந்தது. மூலிகை பயன் தருகிறது என்று நம்பத்தக்க சான்று இல்லை என்பதே அவர்களது முடிவு.

கீழ்க்காய்நெல்லி என்று நாம் அழைப்பதில் ஒத்த தோற்றமுள்ள பல இனங்கள் உண்டு. மண், பருவம், உலர்த்தும் முறை ஆகியவற்றால் சத்து மாறும். சோதனைக் குழாயில் வைரசைத் தடுக்கும் பொருள் வயிற்றையும் குடலையும் கடந்து, ஈரலைப் போதிய அளவில் சென்றடைய வேண்டும். ஆகவே முதற் சோதனை நல்ல பலன் காட்டியது என்பதால் மட்டும் ஒரு மருந்து நிலைபெற்றுவிடாது.

அப்படியானால் மரபு பயனற்றதா?

இல்லை. சீனப் பெண் விஞ்ஞானி தூ யூயூ, நாலாம் நூற்றாண்டு மருத்துவ நூலொன்றில் காய்ச்சலுக்குச் சொல்லப்பட்ட செடியை ஆராய்ந்தார். கொதிக்க வைத்தால் சத்து அழியும் என உணர்ந்து, குறைந்த வெப்பத்தில் சாற்றை எடுத்தார். அதிலிருந்து மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் கிடைத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. மலேரியா வைரசால் வருவதன்று. ஆயினும் பாடம் ஒன்றே. எங்கே கிணறு வெட்டலாம் என்று மரபு காட்டும். தண்ணீர் உண்டா என்பதை வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஹெப்பரைற்றிஸ் பி உள்ளவர்கள் என்ரெக்காவிர், ரெனோபோவிர் போன்ற குளிசைகளை மூலிகையை நம்பித் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகி ஈரலைக் கடுமையாகத் தாக்கலாம்.

2. ஊரிலிருந்து வந்த தூள், இலேகியம் எதை உண்டாலும் குடும்ப வைத்தியரிடம் மறைக்காமற் சொல்லுங்கள். சில மூலிகைகள் ஈரலுக்கே தீங்கு செய்யும்.

3. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் பரிசோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். தாய்க்கு வைரஸ் இருந்தால் குழந்தை பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். குழந்தையைக் காப்பது இதுவே.

4. இந்த வைரஸ் இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தின்போதும் பரவும். சவர அலகையும் பற்தூரிகையையும் பகிரக் கூடாது. ஆனால் அன்னதானப் பந்தியில் சேர்ந்திருந்து உண்பதால் தொற்றாது. ஆகவே எவரையும் ஒதுக்காதீர்கள். எவரும் வெட்கப்பட்டு வைத்தியத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

இனி எந்த மூலிகையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் மூன்று கேள்விகள் கேட்போம். மருந்து உண்ணாதவர்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்களா? சேர்ந்தவர்கள் எல்லோரும் முடிவில் எண்ணப்பட்டார்களா? வேறோர் இடத்தில் வேறொருவர் செய்தபோதும் அதே பலன் கிடைத்ததா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை வந்தால், அம்மூலிகையைப் பற்றி வைத்தியரிடம் நாமே தயக்கமின்றி எடுத்துச் சொல்லலாம்.